படகு என்று தேடினேன்

கிள்ளைக்குப் பக்கத்திலுள்ள மீனவர் குப்பத்தில் அன்று பேட்டிக்கு இருந்தவர்கள்: வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் சிங்காரம். எதிரே பாயில் நானும் டேப் ரெக்கார்டரும். கதவுக்குப் பின்னால், பாதி முகம் மட்டும் தெரிய, அவர் தம்பி மனைவி மங்கலம். தம்பியைச் சுனாமி கொண்டுபோய்விட்டது.

மூத்தார் எதிரில் மங்கலம் வாய் திறப்பதில்லை. அவளைக் கேட்டதற்கெல்லாம் அவரே பதில் சொன்னார்.

"அதுக்கு எதுக்குங்க படகு? பொம்பள கடலுக்கா போவப்போவுது? படகு வேணாம். தையல் மிஷின் குடுங்க, போதும்."

எனக்குக் குடிக்கக் கலர் வாங்க அவர் கடைக்குப் போனதும் மங்கலம் வாசல்படிக்கு வந்தாள்.

"பாப்பா, எங்க வூட்டுக்காரரு பங்கு எனக்கு வரணும். கடலுக்குப் போறவங்க போவட்டும், புடிக்கிறதுல பங்கு குடுத்தா புள்ளைவள வளத்துருவேன். மூத்தாரு எதுர சொல்ல முடியாது. நீ எழுதிக்கோ."

"எழுதிக்கிறேங்க்கா" என்றேன். ஒரு வார்த்தை விடாமல் தட்டச்சும் செய்தேன்.

எங்கள் தொண்டு நிறுவனம் நான்கு குடும்பத்துக்கு ஒரு ஃபைபர் படகு கொடுத்துக்கொண்டிருந்த 2006 அது. படகு யாருக்கு வேண்டும், யாருக்கு வேண்டாம் என்ற அறிக்கை சிதம்பரம் கிளையிலிருந்து கடலூர் தலைமை அலுவலகத்துக்கு அவசரமாகப் போக வேண்டியிருந்தது. மேற்பார்வையாளர் சுரேந்தர் சார் புது மென்பொருள் ஒன்றைக் காட்டித் தந்தார். ஒரு சொல்லைக் கொடுத்தால் போதும், எல்லாப் பேட்டிகளிலும் அந்தச் சொல் வரும் வரிகளை மட்டும் திரட்டிச் சுருக்கமாக நீட்டிவிடும். 'படகு' என்று கொடுத்தேன். மங்கலத்தின் பேட்டிக்கு நேரே 'படகு வேணாம்' என்று வந்தது. 'தேவையில்லை' என்று குறித்துவிட்டு அடுத்த பேட்டிக்குப் போனேன்.

"ஒரு வாரத்து வேலைய மத்தியானத்துக்குள்ள முடிச்சிட்டியே மாலதி! இனிமே உன் சம்பளத்த மிஷினுக்கே குடுத்துடலாம் போல" என்றார் சார். நானும் சிரித்தேன். பெருமையாகத்தான் இருந்தது.

குப்பத்தில் படகு பெறுவோர் பட்டியலை ஒட்டிய மறுநாள் மங்கலம் பஸ் ஏறி அலுவலகத்துக்கு வந்துவிட்டாள்.

"எழுதிக்கிறேன்னியே பாப்பா. எழுதலியா?"

"எழுதினேங்க்கா."

கோப்பைத் திறந்தேன். அவள் சொன்னது அப்படியே இருந்தது. அதில் பங்கு இருந்தது, வூட்டுக்காரர் இருந்தார், பிள்ளைகள் இருந்தார்கள். படகு என்ற சொல் மட்டும் இல்லை. வாசித்துக் காட்டினேன்.

"நல்லாதான எழுதியிருக்க. பின்ன இத யாரும் படிக்கலியா?"

படிக்க வேண்டியவள் நான்தான். அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"கடலூருக்கு எழுதி மாத்தச் சொல்றேங்க்கா. ஆனா நீங்க சொன்னது உங்க மூத்தாருக்குத் தெரிஞ்சிடும்."

"தெரியட்டும். ஊரே பாக்குற பட்டியல்ல பேரு இல்லாதப்புறம் இன்னும் என்னா பயம்?"

அவள் போன பிறகு சுரேந்தர் சார் குரலைத் தாழ்த்தினார்.

"போன்ல சொன்னா ஒத்துக்க மாட்டாங்க, எழுத்துல கேப்பாங்க. யாரு தப்புன்னும் கேப்பாங்க. சாஃப்ட்வேர் மேல போட்டுடு."

"அது கேட்டத குடுத்துச்சு சார். ஒத்த வார்த்தைய கேட்டுட்டு நிறுத்துனது நான்தான்."

"உன் காண்ட்ராக்ட் அடுத்த மாசம் முடியுது. ரொம்ப ஜாஸ்தியா பேசாத."

எங்கள் ஊர் மேல்பட்டாம்பாக்கத்தில் பள்ளிக்கூடம் படித்த நாளிலிருந்து தெருவுக்கே மனு எழுதிக் கொடுத்தவள் நான். அனுப்புநர், பெறுநர் இரண்டும் கை தன்பாட்டுக்கு எழுதிவிட்டது. 'பொருள்' என்ற இடத்தில் நின்றுவிட்டேன். 'மென்பொருள் சுருக்கத்தில் நேர்ந்த பிழை' என்று எழுதினேன். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தாளைக் கிழித்துவிட்டு, வேறு தாளில் 'பேட்டிகளை முழுதும் படிக்காமல் நான் அறிக்கை தந்தது குறித்து' என்று எழுதினேன். கீழே மங்கலம் சொன்னதை அப்படியே எடுத்தெழுதினேன். இப்படி இன்னும் எத்தனை பேர் விடுபட்டார்களோ தெரியாது, எல்லாவற்றையும் நான் படித்து முடிக்கும்வரை படகு கொடுப்பதை நிறுத்தி வையுங்கள் என்று கேட்டுக் கையெழுத்துப் போட்டேன்.

தபால் நிலையத்தில் உறையை ஒட்டி, ஓரங்களை விரலால் அழுத்திவிட்டுக் கவுண்டரில் இருந்தவரிடம் நீட்டினேன்.

"ரிஜிஸ்டரா?"

"ஆமாங்க. கடலூருக்கு."

அவர் முத்திரை குத்திப் பின்னாலிருந்த பைக்குள் போட்டார்.