நாலாம் பால்

பதினோரு வருஷக் குடித்தனத்தில் இருதயம் சாப்பாட்டைப் பற்றி வாய் திறந்ததே இல்லை. உப்புக் கூடினாலும் தின்பான், குறைந்தாலும் தின்பான். தின்றுவிட்டு ரயிலுக்குக் கொடி காட்டப் போய்விடுவான். அப்படிப்பட்ட மனுஷன் அன்றைக்கு இட்லியைப் பிட்டுக்கொண்டே, தலையைக்கூட நிமிர்த்தாமல், "லூசி வீட்டுச் சட்னி கொஞ்சம் வாங்கிட்டு வாயேன்" என்றான். சாந்தமேரியின் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது. அதை எங்கே தின்றாய் என்று கேட்டாள். ஸ்டேஷனில் அவள் புருஷன் மாரிஸின் தூக்குச் சட்டியில், மூன்று நாளாக, என்றான். மூன்று நாளாக! இவள் அரைத்து வைத்த வெள்ளைச் சட்னி தட்டில் தொடாமல் கிடந்தது.

பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே லைன் வீடுகளில் கடைசி வரிசையில் ஆறு வீடு. ஆறும் வேதக்கார வீடுகள். இரண்டு தென்னைமரம் சாந்தமேரி வீட்டுப் பின்புறத்தில்தான் நின்றன. அதனால் லைனில் சட்னி என்றால் சாந்தமேரி, சாந்தமேரி என்றால் சட்னி. பிறந்தநாள் பெருநாள் ஒவ்வொன்றுக்கும் பாயை விரித்து ஆறு வீடும் சேர்ந்து சாப்பிடும்போது, பால் மாதிரி வெளுத்த அவள் சட்னிதான் முதலில் இலையில் விழும். ஒன்பது கிறிஸ்துமஸ் அப்படி விழுந்தது. லூசி இந்த லைனுக்கு வந்து முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை.

அந்த வருஷம் ரப்பரும் ஈயமும் விலை படுத்துவிட்டதில் ரயிலுக்கே சரக்கில்லை. எல்லோருக்கும் சம்பளம் வெட்டு. லூசி புருஷன் மாரிஸுக்கோ வாரத்தில் மூன்றே நாள் வேலை. கிறிஸ்துமஸுக்கு ஆட்டுக்கறி என்ற பேச்சையே யாரும் எடுக்கவில்லை. வரிசையில் மூத்தவள் வெரோனிகா. அவள்தான் எல்லோரையும் கூப்பிட்டுக் கணக்குப் போட்டாள்: ஆறு வீட்டுக்கும் சேர்த்து இரண்டு சேவல், குழம்பு நீளத் தேங்காய்ப்பால், இட்லி, இட்லிக்குத் தாராளமாகச் சட்னி. கறி கொஞ்சம்தான், சட்னிதான் இலையை நிறைக்கவேண்டும். சொல்லிவிட்டுச் சாந்தமேரியின் தோளில் கை வைத்தாள்.

"சட்னிய இந்தத் தடவ லூசி அரைக்கட்டும். கடைசி வீட்டுக்காரிகூட அதத்தான் கேக்கிறா. நீ தேங்காயத் துருவிப் பால் எடுத்துக் குடு. உன் கைக்குத்தான் பலம்."

சாந்தமேரி சிரித்தாள். சிரித்துக்கொண்டே வீட்டுக்கு வந்து, பூனை வழியில் நின்றதற்காகப் பூனையை உதைத்தாள். வயிறு எரிந்தது என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை, நிஜமாகவே எரிந்தது. ஓமத்தண்ணீர் குடித்தும் அடங்கவில்லை. அந்தச் சட்னியில் அப்படி என்னதான் இருக்கிறது? பழுப்பு நிறம், ஒரு கருகல் வாசம், இவ்வளவுதானே! பொட்டுக்கடலையை வறுத்து அரைத்துப் பார்த்தாள். கூனி இறால் பொடி சேர்த்துப் பார்த்தாள். எள்ளை வறுத்தாள். இருதயம் எல்லாவற்றையும் வழக்கம்போல ஒன்றும் சொல்லாமல் தின்றான். முன்பெல்லாம் அந்த மௌனம் அவளுக்கு உறைத்ததில்லை.

பெருநாளுக்கு மூன்று நாள் முன்னால் தேங்காய்ச்சக்கையை எடுத்துக்கொண்டு அவளே லூசி வீட்டுக் கொல்லைக்குப் போனாள். பால் பிழிந்த சக்கையைக் கோழிக்கு என்று லூசி ஆறேழு மாதமாக வாங்கிப்போவது வழக்கம். வேலியோரம் வைத்துவிட்டால் அவளே வந்து எடுத்துக்கொள்வாள். அன்றைக்குச் சாந்தமேரி உள்ளேயே போனதற்குக் காரணம் கோழி மேலுள்ள கரிசனம் இல்லை என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

கோழிக்கூட்டில் கோழி இல்லை. ஒரு இறகுகூட இல்லை. கதவு கயிறு அறுந்து தொங்கியது, உள்ளே ஒட்டடை. மாரிஸுக்கு வேலை குறைந்த மாதமே எல்லாம் ஒவ்வொன்றாகப் பாசாரில் விலைக்குப் போயிருக்கவேண்டும். சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. லூசி முதுகைக் காட்டிக்கொண்டு இரும்புச் சட்டியில் நேற்று வாங்கிப்போன சக்கையைப் போட்டு, சின்ன நெருப்பில், நிதானமாக வறுத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாலு காய்ந்த மிளகாய். புளிக்குக்கூடக் காசில்லை போலிருக்கிறது, வேலியோரத்துப் புளிப்புப் பிளிம்பிங் காய் இரண்டைச் சுட்டு வைத்திருந்தாள். சக்கை பொன்னாகச் சிவந்து வந்தது. அந்த வாசம் சாந்தமேரியின் மூக்கில் ஏறியதும் வாயில் எச்சில் ஊறிற்று. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. சத்தம் காட்டாமல் திரும்பி வந்துவிட்டாள்.

இரக்கப்படவேண்டிய இடம்தான். கொஞ்சம் பட்டாள்கூட, வேலியைத் தாண்டும்வரை. பிறகு மனசு வேறு பக்கம் ஓடியது. கோழிக்குப் போடும் சக்கையையா இத்தனை நாள் என் புருஷன் சப்புக்கொட்டித் தின்றான்? ஊரெல்லாம் ஆகா ஓகோ என்றது நான் வீசிய குப்பையையா? சொல்லிவிடவேண்டும். எல்லோரும் தின்று முடித்து விரலை நக்கும்போது, மெள்ள, சிரித்த முகமாகவே, "லூசி, உன் கோழிங்க நல்லா இருக்கா?" என்று ஒரே ஒரு கேள்வி. அந்தக் கேள்வியைத் துணி துவைக்கும்போதும் பூசையில் முழங்காலில் நிற்கும்போதும் சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பெருநாளுக்கு முந்தின மத்தியானம் பன்னிரண்டு தேங்காய் துருவினாள். முதல் பால் எடுத்தாள், இரண்டாம் பால், மூன்றாம் பால். அதோடு எல்லோரும் நிறுத்திவிடுவார்கள். சாந்தமேரி நிறுத்தவில்லை. சக்கையைக் கொடுக்காமல் இருக்க முடியாது, கொடுத்தால்தான் அந்தக் கேள்வியைக் கேட்கலாம். ஆனால் அதில் ருசி என்று ஒரு சொட்டு மிஞ்சக்கூடாது. வெந்நீர் ஊற்றி நாலாம் பால் பிழிந்தாள். தண்ணீர்தான் வந்தது. துணியில் கட்டி முறுக்கி, முழங்காலைக் கொடுத்து, ஐந்தாவது தடவையும் பிழிந்தாள். விரலிடுக்கில் தோல் உரிந்தது. துருவலகு கீறிய இடமும் திறந்துகொண்டது. கடைசியில் மரத்தூள் மாதிரி பொலபொலவென்று உதிர்ந்த சக்கையை வேலியோரம் வைத்துவிட்டு, வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நல்ல காரியத்தை முழுசாகச் செய்து முடித்தவள் மாதிரி கால் நீட்டி உட்கார்ந்தாள்.

மறுநாள் கோயில் விட்டு வந்து பாய் விரித்தார்கள். இலையில் முதலில் விழுந்தது பழுப்புச் சட்னி. சாந்தமேரி தன் இலையைக் கையால் மறைத்து, வேண்டாம் என்றாள். மற்றவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். யாரும் முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது தடவை கேட்டார்கள். சேவல்கறி ஒரு துண்டுதான் என்பது யார் நினைவிலும் இல்லை. வெரோனிகா விரலை வழித்து, எப்படித்தான் அரைக்கிறே, இன்னைக்கு எப்பவும்விட நல்லாருக்கு, என்றாள். சாந்தமேரி தொண்டையைச் செருமினாள். கேள்வி நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

"சக்கைதான்க்கா," என்றாள் லூசி. "சாந்தாக்கா குடுக்கிற சக்கை. கோழிக்குன்னு சொல்லித்தான் வாங்குவேன். கோழியெல்லாம் வித்து நாளாச்சு. கேக்கிறதுக்கு வெக்கமா இருந்துச்சு." பிறகு சாந்தமேரியைப் பார்த்து, "இந்தத் தடவ ஈரமே இல்லாமப் பிழிஞ்சிருந்தீங்கக்கா. அதான் ஒரே சீரா வறுபட்டுச்சு" என்றாள்.

வெரோனிகா சிரித்தாள், எல்லோரும் சிரித்தார்கள், கெட்ட சிரிப்பு இல்லை. இத்தனை வருஷம் சக்கையைக் குப்பையில் கொட்டினோமே என்று ஒருத்தி தலையில் அடித்துக்கொண்டாள். நாளைக்கே வந்து கற்றுக்கொள்கிறேன் என்றாள் இன்னொருத்தி. மூன்று நாளாக மனசில் தீட்டி வைத்த கத்தியைப் பிடுங்கி லூசி வெங்காயம் நறுக்கிவிட்டாள். சக்கைதின்னி என்று யாரும் சொல்லவில்லையே, எப்படி இவளால் இப்படிச் சொல்லிவிட்டுச் சோற்றுக்கையோடு உட்கார்ந்திருக்க முடிகிறது? சட்னி மேல் இருந்த பொறாமையெல்லாம் பொறாமையே இல்லை என்று சாந்தமேரிக்கு அப்போது தெரிந்தது. அந்த மாதிரி வாய் திறக்க அவளுக்கு ஜன்மத்திலும் வராது.

இருதயம் பக்கத்தில் இருந்தான். தன் இலையிலிருந்து ஒரு விரல் சட்னியை எடுத்து அவள் இலையில் வைத்தான்.

"நீ பிழிஞ்சதுதானே. தின்னு பாரு."

பதினோரு வருஷத்தில் சாப்பாட்டைப் பற்றி அவன் பேசிய இரண்டாவது பேச்சு. சாந்தமேரி இட்லியைப் பிட்டாள். தொட்டாள். நாக்குக்குப் போகுமுன்னே மிளகாய் விரலிடுக்கில் உரிந்த தோலில் ஏறிக் கண் கலங்கிற்று. லூசி பார்த்துவிட்டு, காரமா அக்கா என்று தண்ணீர்ச் செம்பை நகர்த்தினாள். சாந்தமேரி செம்பைத் தொடவில்லை. எரிகிற கையை இலையில் இன்னொரு தடவை வைத்து, அடியோடு வழித்தாள்.