பாலத்துக்கு ஓர் ஆட்சேபணை

"நான் வரைஞ்ச பாலத்துக்கு நீயே ஆட்சேபணை சொன்னா..."

"சொல்லத்தான் போறேன்."

"...ஆபீஸ்ல என் மானம் கப்பலேறிடும்."

"ஏறட்டுங்க. பாலம் வந்துட்டா அதுக்கும் கப்பல் கிடைக்காது."

தையல்காரிக்கும் அவள் புருஷனான டிராஃப்ட்ஸ்மேனுக்கும் சண்டை நடந்தது அடுப்படியில். தையல் மெஷினும் அங்கேதான் கிடந்தது. முன்னறையை நாத்தனார் பிடித்துக்கொண்டு மூன்று வாரமாகிறது. கடலுக்கு அக்கரையில், பக்கத்து நாட்டில் வாழ்க்கைப்பட்டவள். வருஷத்துக்கொரு முறை கப்பலில் வந்து இறங்குவாள். அப்புறம் காற்று அடங்கட்டும், அலை அடங்கட்டும் என்று டேரா. அதுவரை பேண்டுக்கு அளவு கொடுக்க வருகிறவர்கள் அடுப்புக்குப் பக்கத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முந்தாநாள் ஒரு மாப்பிள்ளைச் சட்டையில் எண்ணெய் தெறித்துத் தொலைத்தது.

"இப்பவே இந்தக் கதி. கடல்மேல ரோடும் ரயிலும் போட்டா உங்க அக்கா வாரா வாரம் வந்து இறங்குவாங்க. நான் மெஷினக் கூரைமேல வச்சுத் தைக்கவா?"

"மெதுவாப் பேசு. காதுல விழப்போகுது."

"விழட்டுமே. விழுந்தாலும் பெட்டியக் கட்டவா போறாங்க?"

மறுநாள் துறைமுகக் கூடத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். மேடையில் அதிகாரி, பின்னால் மேல்தட்டில் காரும் கீழ்த்தட்டில் ரயிலுமாகப் பாலத்தின் படம். படத்தருகே குச்சியோடு நின்ற டிராஃப்ட்ஸ்மேன், வரிசையில் பெண்டாட்டியைப் பார்த்ததும் ரயிலைக் காட்ட வேண்டிய குச்சியால் கடலைக் காட்டினார்.

அவளுக்கு முன்னால் நின்ற நாத்தனார் மைக்கைப் பிடித்தாள்.

"இந்தப் பாலம் வேண்டவே வேண்டாங்க. இப்ப கப்பல் இல்ல, காத்து சரியில்லன்னு சொல்லி தம்பி வீட்ல கொஞ்ச நாள் இருந்துட்டுப் போறேன். பாலம் வந்துட்டா என்ன சாக்கு சொல்வேன்? சாப்பிட்டுக் கழுவின கை காயறதுக்குள்ள ரயில்ல ஏத்தி விட்டுடுவாங்க."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை, அவளுக்கு மண்டையில் பளிச்சென்றது. இத்தனை நாளும் அவள் கண்ணுக்குள் ஓடியதெல்லாம் வருகிற ரயில்தான். வந்த ரயில் திரும்பியும் போகும் என்று தோன்றவே இல்லையே! வருஷக்கணக்காக உட்கார்ந்து வரைந்த மகராசனாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கலாம்.

"உங்களுக்கும் ஆட்சேபணையாம்மா?" என்றார் அதிகாரி.

"எனக்கா? நல்ல பாலங்க. சீக்கிரம் கட்டுங்க. அன்னைக்கே திரும்பிப் போக ரயில் இருக்கும்தானே?"

"ராத்திரி ஒண்ணு இருக்கும்மா."

"பொழுது சாயறதுக்கு முன்னாடி ஒண்ணு விட்டா புண்ணியமாப் போகும்."

மறுபடியும் சிரிப்பு. டிராஃப்ட்ஸ்மேனின் குச்சி ஒருவழியாக ரயிலுக்கு வந்து சேர்ந்தது. தையல்காரி மனசுக்குள் முன்னறை ஜன்னலோரம் மெஷினைப் போட்டுப் பார்த்தபடியே வந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பக்கத்து நாற்காலியில் நாத்தனார். மைக்கில் முழங்கிய குரலைக் காணோம்.

"அவரு போனதுக்கப்புறம் அங்க வீட்ல யாரும்மா இருக்கா, நான் பொழுதோட திரும்பிப் போக?"