நாற்பதாவது பிள்ளை

ஊரே கிழங்கு மூட்டையைக் காத்துக்கொண்டிருந்த காலத்தில் ஐலீன் காகித மூட்டையைக் காத்துக்கொண்டிருந்தாள். மூன்று ரப்பர் தோட்டப் பள்ளிக்கூடங்களின் பன்னிரண்டு வருஷத்து வருகைப் பதிவுகள். நான்கு வருஷம் அலைந்து தன் கையாலேயே படியெடுத்தவை. ‘கூலிக்காரன் பிள்ளைக்குப் படிப்பில் நாட்டமில்லை, நாலாம் வகுப்பே அதிகம்’ என்று துரைமார் எழுதிவைத்த பொய்யை உடைக்க அவளிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. சிங்கப்பூர்க் கல்லூரியில் ஆராய்ச்சியை முடிக்கப்போகிற நேரம் பார்த்து ஜப்பான்காரன் வந்து இறங்கினான். கல்லூரியை மூடிவிட்டார்கள். கோத்தா திங்கிப் பக்கத்தில், அந்த மூன்று தோட்டங்களில் ஒன்றில் டிரெசராக மருந்து கொடுத்துக்கொண்டிருந்த அண்ணன் ரபேல், தங்கையையும் மூட்டையையும் சேர்த்தே அழைத்து வந்துவிட்டான்.

“அரிசிப் பானைக்குள்ள கொண்டுபோய் அத வெச்சிருக்கியே, அரிசிய எங்க வைக்கிறது?” என்பான்.

“அரிசி இருந்தாத்தானே வைக்கப்போறீங்க?” என்பாள் இவள்.

அடுத்த வருஷம் தோட்டத்தில் ஜப்பானியப் பள்ளிக்கூடம் திறக்க உத்தரவு வந்தது. மூன்று மாதம் ஜப்பானிய மொழி படித்த குற்றத்துக்காக ஐலீன் டீச்சரானாள். வெள்ளிக்கிழமை காலை அதிகாரி வருவார், நாற்பது பிள்ளைகள் இருக்கவேண்டும் என்றார்கள். இருந்ததோ இருபத்தாறு.

“அலமாக், இதுக்கா டீச்சர் மூஞ்சி இப்படி ஆயிருச்சு?” என்றார் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணி தங்கராஜு. “பக்கத்துத் தோட்டத்துக்குச் சொல்லியாச்சு லா. பதிமூணு பிள்ளைங்க வண்டியில வருது.”

வந்து இறங்கிய அழகைப் பார்க்கவேண்டுமே! தலைக்கு எண்ணெய், நெற்றிக்குத் திருநீறு, முகத்தில் துளி பயமில்லை. வரிசையாகக் கிராணி முன்னால் போய் நின்று, “இன்னிக்கு எம்பேரு என்ன சார்?” என்று கேட்டு வாங்கிக்கொண்டு போய் உட்கார்ந்தன. பெயர்ப் பட்டியலையும் மனுஷன் பழைய பதிவேட்டைப் பார்த்தே எழுதிவைத்திருந்தார்.

எண்ணிப் பார்த்தால் முப்பத்தொன்பது. வெளியே மோட்டார் சத்தம் கேட்டுவிட்டது. ஆயாக் கொட்டகையில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அன்னபூரணி, இடுப்பிலிருந்த பிள்ளையை இன்னொருத்தியிடம் தள்ளினாள். கூந்தலை ரெட்டைப் பின்னலாக்கியபடியே ஓடிவந்து கடைசி வரிசையில் குந்தினாள். வயது இருபத்திரண்டு. ஆள் குள்ளம் என்பதால் தப்பித்தார்கள்.

“லெட்சுமணன்!” என்று அதிகாரி முன்னால் ஐலீன் கூப்பிட்டாள்.

“ஹை!” என்று ஜப்பானிய மொழியில் குரல் கொடுத்தது ரெட்டைப் பின்னல்.

அசல் லெட்சுமணன் முறுக்கு மீசையோடு வெளியே புல்வெட்டிக்கொண்டிருந்தான். அதிகாரிக்கு ஆண் பெயரென்ன, பெண் பெயரென்ன? ஆனால் அவர் விரலை நேரே அன்னபூரணியிடம் நீட்டி, பலகையில் எதையாவது எழுது என்று சைகை காட்டிவிட்டார். போச்சு என்று நினைத்தாள் ஐலீன். பள்ளிக்கூடத்தில் சேர்க்கவே இல்லை என்று ஊரே சொல்லும் பெண் என்னத்தை எழுதுவாள்?

அவள் சுண்ணாம்புக்கட்டியை எடுத்தாள். ‘நாங்கள் தினமும் பள்ளிக்கு வருகிறோம்’ என்று குண்டு குண்டாக எழுதினாள். ஒரு பிழையில்லை. ஐலீன் அதை ஜப்பானிய மொழியில் சொன்னாள். “யோஷி!” என்று மெச்சிக்கொண்டு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு அதிகாரி கிளம்பிவிட்டார்.

மோட்டார் கண் மறைந்ததும் பள்ளிக்கூடமே குலுங்கிச் சிரித்தது.

“எத்தனை நாளா இந்த வேலை நடக்குது?” என்று கேட்டாள் ஐலீன்.

“வெள்ளைக்காரன் காலத்துலேர்ந்து டீச்சர். இன்ஸ்பெக்டர் வர்றாருன்னா மூணு தோட்டமும் பிள்ளைங்கள மாத்திக்கும். மத்த நாளும் அதே பேரையெல்லாம் வந்ததாப் போட்டாத்தான் தொரைக்குச் சர்க்கார் பணம் வரும்” என்றார் கிராணி, ஏதோ கோயில் திருவிழா முறையைச் சொல்வதுபோல.

ஐலீன் வீட்டுக்கு ஓடிப்போய் மூட்டையை எடுத்து வந்து பிரித்தாள்; பின்னாலேயே ரபேலும் வந்து நின்றான். பெயர்களை வாசிக்க வாசிக்க, “அதுவும் நான்தான்!”, “அது எங்கண்ணன், அன்னிக்கு ஆத்துல மீன் புடிச்சிக்கிட்டிருந்தான்!” என்று சிரிப்பு. எல்லாம் பொய். அந்த மூன்று பள்ளிக்கூடங்கள்தான் அவள் ஆராய்ச்சியே. துரைமார் சொன்னதுதான் நிஜமாகிவிட்டதா? அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

மூக்கை உறிஞ்சிக்கொண்டே அன்னபூரணியைக் கேட்டாள். “இதுல உன் பேரு எங்க இருக்கு?”

“எதுலயும் இல்ல டீச்சர். தம்பி தங்கச்சிய யாரு பாத்துக்கிறதுன்னு அம்மா என்னைய சேக்கவேயில்ல. இன்ஸ்பெக்டர் வர்றதுக்கு முந்துன வாரம் மட்டும் ஒத்திகைக்கு விடும், தொரை உத்தரவாச்சே! மூணு தோட்டம், வருசத்துக்கு ரெண்டு தடவ. லெட்சுமணன் பேருல, இன்னும் யார் யாரு பேருலயோ. அந்த வாரத்துல புடிச்சத மத்த மாசமெல்லாம் மண்ணுல எழுதிப் பாப்பேன். இன்ஸ்பெக்டர் சீக்கிரம் வரணும்னு மாரியம்மனுக்கு வெளக்கேத்துவேன்.”

“இன்ஸ்பெக்டருக்காகவா வெளக்கேத்துன?” என்று ரபேல் விழுந்து விழுந்து சிரித்தான்.

ஐலீனும் சிரித்தாள், கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து. நாட்டமில்லையாமே! இவளை எந்தப் பதிவேட்டில் தேடுவார்களாம்? பன்னிரண்டு வருஷத்துப் பொய்யைப் புரட்டிப்போட்டு, காகிதத்தின் வெற்றுப் பக்கத்தில் ஒன்று என்று எண் போட்டாள். பக்கத்தில் ஒரு பெயரை எழுதினாள். பிறகு வகுப்பில் கூப்பிடுகிற குரலில் உரக்க வாசித்தாள்.

“அன்னபூரணி!”

சிரித்துக்கொண்டிருந்தவள் சட்டென்று எழுந்து கைகட்டி நின்றாள்.

“உள்ளேன் டீச்சர்!”