நீல ரயிலின் எடை

லெபனானில், பெய்ரூட்டை ஒட்டிய பூர்ஜ் ஹம்மூதில் பொத்தான் கடை வைத்திருந்த நிஷானின் வீட்டில், 2018 அக்டோபர் ஒன்பதாம் தேதி பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடத்துக்கு, பிரிக்காத பொம்மைப் பெட்டி ஒன்று ஐம்பத்தாறு கிலோ நானூறு கிராம் எடைக்கு வந்தது. முந்தின நிமிடம் வரை அது மூன்று கிலோ இருநூற்று நாற்பது கிராம்தான். தக்காளி கிலோ ஆயிரத்து ஐந்நூறு லிரா விற்ற வாரம் அது. அலமாரித் தட்டு உடைந்து பெட்டி தரையில் இறங்க, கீழ்வீட்டில் சுஜுக் தொத்திறைச்சிக் கடை நடத்திய அருசியாக்கின் கூரையிலிருந்து சுண்ணாம்பு உதிர்ந்து அரைத்து வைத்த மசாலாவில் விழுந்தது. கையில் கரண்டியோடு படியேறி வந்த அவள், அறுபது வயது மனிதர் ஒருவர் பொம்மைப் பெட்டியைத் தூக்க முடியாமல் அதன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டுத் திட்ட வந்ததை மறந்துபோனாள்.

நிஷானின் உண்மையான தொழில் பொத்தான் இல்லை. டென்மார்க்கிலிருந்து வரும் பிளாஸ்டிக் கட்டைப் பெட்டிகளை வாங்கி அடுக்குவார். கோட்டை, கப்பல், தீயணைப்பு நிலையம் என்று எதையாவது கட்டுவதற்கான கட்டைகள் உள்ளே இருக்கும். கம்பெனி ஒவ்வொன்றையும் இரண்டு மூன்று வருடம் விற்றுவிட்டு நிறுத்திவிடும். அதற்குப் பிறகு ஆசைப்படுகிறவன் நிஷான் மாதிரி ஆட்களிடம்தான் வந்தாக வேண்டும், அவர்கள் சொன்ன விலையைக் கொடுத்தாக வேண்டும். இந்தத் தொழிலில் பொருளுக்கு விலை கிடையாது, அதைத் திறக்காமல் இருந்ததற்குத்தான் விலை. முத்திரை நாடாவில் நகம் பட்டால் பாதி போச்சு. மூலை நசுங்கினால் கால் போச்சு. வெயில் பட்டு அட்டை வெளுத்தால் அதைக் கையால் தொடவே ஆள் வராது. ஆகவே அந்த வீட்டின் கடல் பக்கத்து ஜன்னல்கள் இரண்டும் பத்தொன்பது வருடமாகத் திறக்கப்படவில்லை. ஊர் உலகத்தில் பிள்ளைகள் விளையாடப் பொம்மை வாங்குவார்கள், இவன் பொம்மைக்குக் காவல் இருக்கிறான் என்று தெரு முழுக்கச் சிரித்தது. அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

எடை கூடிய பெட்டியில் இருந்தது நீல ரயிலும் ஒரு சின்ன ஸ்டேஷனும். ரயிலே ஓடாத நாட்டில் வளர்ந்த அவர் மகள் மாரலுக்கு ரயில் என்றால் உயிர். 2001 புத்தாண்டுக்கு, ஆறு வயது மகளின் மடியில் அந்தப் பெட்டியை வைத்தார் நிஷான். ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம், திறக்கக் கூடாது என்றார். அவளும் சமர்த்தாகத்தான் வைத்திருந்தாள், அட்டையில் அச்சடித்த ஜன்னல்களை விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள். மணி ஆனதும் அவர் பெட்டியை வாங்கி, அவள் கைரேகை பட்ட இடங்களை உலர்ந்த துணியால் துடைத்து அலமாரியில் வைத்தார். உனக்குத்தானே சேர்த்து வைக்கிறேன் என்றார். பொய்யில்லை, அப்படித்தான் நினைத்தார். நினைப்பதில் என்ன குறை வைத்தார் பாவி மனிதர்! பதினேழு வருடம் நினைத்துக்கொண்டே இருந்தார். இடையில் மனைவி வார்துகி ஒரு காய்ச்சலில் போய்ச் சேர்ந்தாள். அடுத்த வருடம் மாரல் கனடாவின் மொன்ரியாலில் வேலை கிடைத்துக் கிளம்பினாள்.

பெட்டி கனத்த அன்று காலை, கிளம்பும்போது அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"அந்த ரயில எடுத்துட்டுப் போறேன்ப்பா."

"இன்னும் ரெண்டே வருஷம் பொறும்மா. வெல ரெண்டு மடங்காயிடும். அப்ப உனக்கே அனுப்புறேன்."

"நான் வெலய கேக்கல. ஆறு வயசுல என் கைரேகையத் தொடச்சீங்க. அத இன்னும் தொடச்சுட்டே இருக்கீங்க."

அவள் படியிறங்கிப் போனாள். நிஷான் பால்கனிக்குக்கூட வரவில்லை, வந்தால் அழுதுவிடுவோம் என்று பயம். அதன் பிறகு ஏழு வருடம் அவளிடமிருந்து அவருக்கு ஒரு வார்த்தை வரவில்லை.

பெட்டியின் மர்மத்தை அவிழ்த்தவள் அருசியாக்தான். கடைக்குப் புதுத் தராசு வாங்கியிருந்ததால் பழைய இரும்பு மேடைத் தராசை மேலே ஏற்றச் சொன்னாள். இரண்டு ஆட்கள் பெட்டியைத் தூக்கி அதன்மேல் வைத்தார்கள். முள் ஐம்பத்தாறு நானூறில் நின்றது. அவள் வெகுநேரம் அதையே பார்த்தாள். கிளம்புவதற்கு முந்தின நாள் மாரல் தன் சூட்கேஸை எடைபோட இதே தராசுக்குத்தான் வந்தாள். விளையாட்டாகத் தானும் ஏறி நின்றாள். ஐம்பத்து மூன்று கிலோ நூற்று அறுபது. கூட்டிப் பார் என்றாள் அருசியாக். கூட்டிப் பார்த்த நிஷான் தலையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

அன்றிலிருந்து தினம் பிற்பகல், ஜெனரேட்டர் கரண்ட் வந்ததும், அருசியாக் இரண்டு கிண்ணம் காப்பியோடு மேலே வருவாள். அவர் முள்ளைப் பார்த்து, சுவரில் தொங்கும் மாதா கோயில் நாள்காட்டியில் அன்றைய கட்டத்தில் எடையைக் குறிப்பார். முதல் குளிர்காலத்தில் நாலு கிலோ ஏறியது. அந்த ஊரில் ரொட்டியும் உருளைக்கிழங்கும்தான் போலிருக்கிறது என்றார் நிஷான், பெருமையாக. கீழே கூரை இரண்டு விரற்கடை தொய்ந்ததால் அருசியாக் ஒரு இரும்புக் கம்பத்தை முட்டுக் கொடுத்து, அதிலேயே கொக்கி அடித்து சுஜுக் தொங்கவிட்டாள். வாடகையில் பாதி உன் மகள்தான் தரவேண்டும் என்று மட்டும் சொல்லிவைத்தாள்.

குவைத்திலிருந்து ஜாசிம் என்ற சேகரிப்பாளர் வந்தது 2019 வசந்தத்தில். நீல ரயிலைத் தேடி எட்டு வருடமாக அலைந்த மனிதர். நாலாயிரம் டாலர் என்று சொல்லி, குனிந்து தூக்கினார், இடுப்பைப் பிடித்துக்கொண்டார். இந்த வியாபாரத்தில் திறந்து ஒட்டிய பெட்டியைக் கண்டுபிடிக்க எடைதான் சாட்சி. பட்டியலில் மூன்று கிலோ இருநூற்று நாற்பது என்றிருக்க, ஒரு கிராம் கூடினாலும் உள்ளே கல் இருக்கிறது என்று அர்த்தம். உள்ளே இருப்பது என் மகள் என்று நிஷானால் எப்படிச் சொல்ல முடியும்? சொல்லியும் பார்த்தார். ஜாசிம் நல்ல மனிதர், கோபப்படவில்லை. எடை எப்போது சரியாகிறதோ அப்போது கூப்பிடுங்கள் என்று நம்பரைக் கொடுத்துவிட்டுப் போனார்.

அந்த வருடக் கடைசியில் வங்கிகள் கதவைச் சாத்தின. வாழ்நாள் சேமிப்பு உள்ளே, ஊர் வெளியே. சிரித்த தெருவில் டாலர் பார்த்த ஒரே மனிதர் நிஷான்தான். ஒரு கோட்டையை விற்று ஆறு மாதம் ஜெனரேட்டருக்குக் கட்டினார், ஒரு கப்பலை விற்று அருசியாக்கின் பல்லைக் கட்டினார். அறைகள் காலியாகிக்கொண்டே வந்தன. அடுத்த ஆகஸ்டில் துறைமுகம் வெடித்தபோது இருபத்தொரு வருடம் திறக்காத ஜன்னல்கள் இரண்டும் ஒரே நொடியில் திறந்துகொண்டன. மிச்சமிருந்த பெட்டிகள் தெருவுக்குப் பறந்தன. நீல ரயில் தராசைவிட்டு ஒரு விரல்கூட நகரவில்லை. அன்று அருசியாக்கின் போனுக்கு மொன்ரியாலிலிருந்து ஒரு செய்தி வந்தது. "அவர் இருக்காரா?" இவள் பதில் போட்டாள். "இருக்கார்." அவ்வளவுதான். ஆனால் அடுத்த பத்து நாளில் பெட்டி மூன்று கிலோ இளைத்தது.

"சாப்பிடாம கெடக்குறா அவ" என்றாள் அருசியாக். "நம்பர் இந்தா. தராசப் பாக்குற நேரத்துல ஒரு போனப் பண்ணித் தொலையேன்யா."

நிஷான் போனை எடுத்தார், நம்பரை அழுத்தினார், மணி அடிக்கும் முன் வைத்துவிட்டார். மூன்று நாள் இதே கூத்து. என்ன சொல்வது? பெட்டி பத்திரமாக இருக்கிறது என்றா?

அந்த இலையுதிர்காலத்தில் எடை ஏறத் தொடங்கியது. வாரம் அரைக் கிலோ, நூல் பிடித்த மாதிரி. நிஷானுக்கு ஒன்றும் பிடிபடவில்லை, மறுபடி உருளைக்கிழங்கு என்று நினைத்தார். நாலு பெற்றவளான அருசியாக் நாள்காட்டியின் பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இது புள்ளத்தாச்சி எடைய்யா, கூமுட்டை என்றாள். அவர் காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைக்க இடம் தெரியாமல் அதைக் கையிலேயே வைத்துக்கொண்டு அறைக்குள் நடந்தார். மாப்பிள்ளை யார், எந்த ஊர், நல்லவனா? தராசு அதையெல்லாம் சொல்லாது. மார்ச் பதினாலாம் தேதி காலை அறுபத்தெட்டிலிருந்து முள் ஒரேயடியாக அறுபத்திரண்டுக்கு இறங்கியபோது இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு இரவுவரை காத்திருந்தார்கள். மறுநாள் விடிந்ததும் அது அறுபத்தைந்தே காலுக்கு ஏறி நின்றது. பிள்ளையையும் சேர்த்துக் காட்டுது பார் என்று அருசியாக் அவர் கன்னத்தில் முத்தமிட்டாள். நிஷான் கடைக்குப் போய், அன்று வந்தவர்களுக்கெல்லாம் பொத்தானை இனாமாகக் கொடுத்தார். ஏன் என்று கேட்டவர்களிடம் தாத்தாவாகிவிட்டேன் என்றார். ஆணா பெண்ணா என்று கேட்டபோது முழித்தார்.

இப்படி நாலு வருடம். பெற்ற மனம் பித்து என்பார்கள், இவர் பித்துக்குத் தராசு வேறு கிடைத்துவிட்டது. ஜாசிம் வருடத்துக்கொரு முறை போன் செய்து எடை விசாரிப்பார், தொகையை ஏற்றுவார், கடைசியில் ஒன்பதாயிரத்தில் வந்து நின்றார். கூடியிருக்கிறது என்று நிஷான் சந்தோஷமாகச் சொல்வார், அவர் பெருமூச்சோடு வைத்துவிடுவார். பொறுத்துப் பார்த்த அருசியாக் ஒருநாள், அவர் கடைக்குப் போன நேரம் மேலே ஏறி, ஏழு வருட நாள்காட்டிகளையும் பக்கம் பக்கமாகப் படமெடுத்து மொன்ரியாலுக்கு அனுப்பினாள். மாரல் அதைத் தன் பிரசவ அட்டையோடு வைத்துப் பார்த்தாளாம். எல்லா வாரமும் அப்படியே ஒத்துப்போயிற்று, மூன்று கிலோ இருநூற்று நாற்பது மட்டும் கூடுதல். சமையலறைத் தரையில் உட்கார்ந்து அழுதேன் என்று பிறகு அவளே சொன்னாள்.

2025 ஜூலை பதினெட்டு வெள்ளிக்கிழமை. பல் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டு அருசியாக் மத்தியானமே கடையைச் சாத்தினாள். இரண்டே கால் மணிக்கு, காலையில் எழுபத்தைந்தில் நின்றிருந்த தராசு முள் நிஷானின் கண் முன்னால் விழுந்தது. மெல்ல இறங்கவில்லை, விழுந்தது. மூன்று கிலோ இருநூற்று நாற்பதில் போய் நின்றது. அவர் தராசைத் தட்டினார். பெட்டியைத் தூக்கினார். குழந்தையைத் தூக்குவதுபோல லேசாக வந்தது. அட்டையும் கட்டையும், வேறு யாரும் அதில் இல்லை.

போய்விட்டாள் என்று புரிந்துகொண்டார். பிள்ளையோடு போய்விட்டாள். ஏழு வருடமாக எடை என்றால் உயிர், எடை இல்லையென்றால் வேறென்ன அர்த்தம்? நம்பரை அழுத்தினார், இந்த முறை வைக்கவில்லை. போன் அணைக்கப்பட்டிருப்பதாக ஒரு பெண் குரல் பிரெஞ்சில் சொன்னது. அருசியாக்கைக் கூப்பிட்டார், அவளும் எடுக்கவில்லை. பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு, ஆறு வயதுக்காரி உட்கார்ந்திருந்த அதே இடத்தில், தரையில் உட்கார்ந்தார். சரியான எடை, சரியான மூலைகள், கன்னி கழியாத முத்திரை. இந்த நிமிடம் ஒரு போன் போட்டால் ஒன்பதாயிரம் டாலர். நிஷான் பொத்தான் கடைக் கத்தரியை எடுத்து முத்திரையை வெட்டினார். இருபத்து நாலு வருடம் அடைந்து கிடந்த காற்று ஒரு புது பிளாஸ்டிக் வாசனையோடு வெளியே வந்தது. பைகளைக் கிழித்துத் தரையில் கொட்டினார். கட்டத் தெரியாது. வாழ்நாளெல்லாம் விற்றாரே ஒழிய, ஒன்றையும் கட்டியதில்லை. கண்ணீரில் விளக்கப் படங்கள் தெரியாமல், நீலத்தை நீலத்தோடு சேர்த்து அழுத்திக்கொண்டிருந்தார்.

விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு அன்று ஒன்றரை மணி நேரம் ஆனது. நெரிசல்.

"சக்கரத்தத் தலகீழா வெச்சிருக்கீங்க" என்றது ஒரு குரல். நாலு வயதுப் பெண் குழந்தை ஒன்று, வழியில் அருசியாக் வாங்கித் தந்த எண்ணெய் வழியும் ரொட்டியோடு, வாசலில் நின்றது. அதன் பின்னால் அருசியாக். அவளுக்கும் பின்னால், படியேறிய களைப்பில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, மாரல்.

மாரல் வெட்டிய முத்திரையைப் பார்த்தாள். தரையெல்லாம் இறைந்த கட்டைகளைப் பார்த்தாள்.

"தெறந்துட்டீங்களாப்பா?"

"எட போயிடுச்சும்மா" என்றார் நிஷான். "நீ இல்லாமப் போயிட்டேன்னு நெனச்சுட்டேன்."

"நான் வந்துட்டேன்ப்பா. அதான் போயிடுச்சு."

அவள் வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். அவர் அவள் தலையைத் தொட்டார், தோளைத் தொட்டார், எங்கே தொடுவது என்று தெரியாமல் அவள் கையில் ஒரு நீலச் சக்கரத்தை வைத்தார். குழந்தையின் பெயர் என்னவென்று கேட்டார். வார்துகி, அம்மாவின் பெயர்தான் என்றாள். அவர் மறுபடி அழத் தொடங்க, அருசியாக் காப்பி போடப் போய்விட்டாள். சின்ன வார்துகி பெட்டியின் மூடியை மடியில் இழுத்துப் போட்டுக்கொண்டு, எண்ணெய் விரலால் ஜன்னல்களை எண்ணினாள். பதினான்கு. மூடி முழுக்கக் கறை. நிஷான் பார்த்துக்கொண்டிருந்தார், துணியைத் தேடவில்லை.

மூன்று வாரம் இருந்தார்கள். ரயில் ஓடியது, ஸ்டேஷன் எழும்பியது. அருசியாக் கீழே கம்பத்தைக் கழற்றி மூலையில் சாத்தினாள். ஜாசிம் போன் செய்து எடை எப்படி என்றார். சரியாகிவிட்டது, ஆனால் திறந்துவிட்டேன் என்றார் நிஷான். அந்த மனிதர் துக்க வீட்டில் சொல்வதுபோல ஆறுதல் சொல்லிவிட்டு வைத்தார். ரயிலை எடுத்துப் போ என்று மகளிடம் நிஷான் பல முறை சொன்னார். மாரல் மறுத்தாள். அது தராசின்மேலேயே இருக்கட்டும், நானும் உங்கள் கண்ணில் இருப்பேன் என்றாள். வார்துகி மட்டும் ஸ்டேஷன் மாஸ்டர் பொம்மையைப் பையில் போட்டுக்கொண்டாள்.

கிளம்பிய அன்று நிஷான் பால்கனியில் நின்று கடைசிவரை கையசைத்தார். பிறகு உள்ளே வந்து, கட்டி முடித்துத் தராசில் வைத்திருந்த நீல ரயிலின் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். நாலு மணி இருபது நிமிடத்துக்குத் தராசு முனகியது. முள் எழுபத்தாறு கிலோவுக்குப் போய் நின்றது, கீழே சுண்ணாம்பு உதிரும் சத்தம் கேட்டது.

"கிளம்பிடுச்சா ப்ளேன்?" என்று அருசியாக் கீழேயிருந்து கத்தினாள்.

"கிளம்பிடுச்சு" என்றார் நிஷான். "ரெண்டு பேருமாச் சேந்து ஒரு கிலோ கூடிருக்காங்க. உன் சமையல்தான்."

அவர் நாள்காட்டியில் குறித்தார். அருசியாக் இரும்புக் கம்பத்தைப் பழைய இடத்தில் முட்டுக் கொடுத்து, அதில் சுஜுக்கைத் தொங்கவிட்டாள். கிலோ அன்று பதினைந்து டாலர்.