வடியாத தண்ணீர்

தண்ணீர் இறங்கிக்கொண்டிருக்கிறது, ஒரு விரற்கடை, இரண்டு விரற்கடை, கோடை முழுவதும் ஓடுகளில் படிந்த வெள்ளைக் கோடு இப்போது தண்ணீருக்கு மேலே தனியாக நிற்கிறது, மேப்பிள் இலைகள் சுற்றிச் சுற்றிக் குழாயின் வாய்ப்பக்கம் போகின்றன, நான் கதிரையில் இருக்கிறேன், மடியில் என் மனைவி சிவமலர் போர்த்திவிட்ட கம்பளி, அதன்மேல் என் வலது கை, அவள் எடுத்து வைத்த இடத்திலேயே கிடக்கிறது. பதினேழு வருடமாக ஒக்டோபரில் ஒரு சனிக்கிழமை வீட்டுப் பின்வளவில் இருக்கும் இந்த நீச்சல் குளத்தைக் குளிர்காலத்துக்கு மூடுகிறவன் நான்தான், ஆளைப் பிடித்துச் செய்யலாமே என்று அவள் ஒவ்வொரு வருடமும் சொல்வாள், நானிருக்க வேறு ஆளெதற்கு என்பேன், நீரை இறக்கி, குழாய்களுக்குள் காற்றடித்து, துளைகளை றப்பர் அடைப்பானால் அடைத்து, கடைசியாக வேலியோரம் நிற்கும், குளத்துத் தண்ணீரை வடிகட்டும் பில்டரின் அடிமூடியைத் திருகிக் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரையெல்லாம் வடியவிட்டு, பிறகு விரிப்பை இழுத்து மூடுவேன், எங்கே ஒரு குடம் தண்ணீர் தங்கினாலும் அது உறைந்து பருத்து தான் இருக்கும் பாத்திரத்தை உடைக்கும், இந்த ஊர்க் குளிர் அப்படி. இந்த வருடம் ஏப்ரலில், குசினியில் தேத்தண்ணியோடு நின்றவன், முதலில் கோப்பையைத் தவறவிட்டேன், பிறகு வலப்பக்கத்தை, பிறகு பேச்சை.

சொற்கள் போகவில்லை, அதுதான் ஒருவருக்கும் தெரியாதது, எல்லாம் உள்ளே இருக்கின்றன, இப்போது உங்களுக்குச் சொல்வதுபோல எனக்கு நானே நாள் முழுவதும் சொல்லிக்கொண்டிருக்கிறேன், வாய்க்கு வரும்போதுதான் மாறிப்போகிறது, பெரும்பாலும் பால் என்றே வருகிறது, தொலைக்காட்சிச் சத்தத்தைக் குறை என்றாலும் பால், முதுகு கடிக்கிறது என்றாலும் பால், கல்கரியிலிருந்து மகள் போன் எடுத்து, அப்பா எப்பிடி இருக்கிறீங்கள் என்று கேட்டால், இருக்கிறேன் பிள்ளை என்பதும் பால். பேச்சுப் பயிற்சிக்கு வரும் பெண் பசுவின் படத்தைக் காட்டுகிறாள், ஒருமுறையாவது பொருந்திவிடும் என்று ஆசையோடு வாயைத் திறக்கிறேன், கதிரை என்று வருகிறது, அவள் நல்லது நல்லது என்று எழுதிக்கொள்கிறாள்.

கேதீஸ் விடியவே பிக்கரிங்கிலிருந்து வந்துவிட்டான், சிவமலரின் தம்பி, நல்லவன், காற்றடிக்கும் இயந்திரத்தை யாரிடமோ இரவல் வாங்கிக் காரில் ஏற்றி வந்திருக்கிறான், அத்தான், நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ, நான் மூண்டு வீடியோ பாத்திட்டன் என்கிறான், போனை மேசையில் சாய்த்து வைத்திருக்கிறான், அதற்குள் தொப்பி போட்ட ஒரு வெள்ளைக்காரன் என் வேலையைப் பேசிக்கொண்டிருக்கிறான். இயந்திரம் இரைகிறது, குளத்துக்குள் முதல் குமிழிகள் எழுகின்றன, அக்கா வருது வருது என்று கேதீஸ் கத்துகிறான், சிவமலர் குந்தியிருந்து அடைப்பானை இறுக்குகிறாள், நன்றாகச் செய்கிறாள், குமிழி நிற்பதற்குள் அடைக்க வேண்டும் என்று அவளுக்கு யார் சொன்னது, பதினேழு வருடமும் குசினி யன்னலால் பார்த்திருக்கிறாள் போல. இந்த வீட்டை வாங்கியபோது அவளுக்கு நீந்தத் தெரியாது, நாற்பத்திரண்டு வயது, பக்கத்து வீட்டுச் சனம் பார்க்கும் என்று நீளக் காற்சட்டையும் என் பழைய சேட்டும் போட்டுக்கொண்டு இறங்கினாள், அவள் முதுகுக்குக் கீழே என் இரண்டு கைகளையும் விரித்துப் பிடித்தேன், விட்டிடாதேங்கோ, விட்டிடாதேங்கோ என்கிறாள், விடேல்லையப்பா, பிடிச்சிருக்கிறன் என்கிறேன், கைகளை எடுத்து எவ்வளவோ நேரம், அவள் கண்ணை மூடிக்கொண்டு மிதக்கிறாள், காதுக்குள் தண்ணீர், நான் சொல்வது அவளுக்குக் கேட்டிருக்காது. இந்த ஜூலையில் ஒரு வெயில் நாள், என்னையும் ஒருமுறை இறக்கிவிடுங்கள் என்று கேட்டேன், தண்ணீருக்குள் இந்தக் கால் பாரமாக இராது என்று நினைத்தேன், இடது கையால் காட்டியும் கேட்டேன், வெயில் முகத்திலை அடிக்குதென்ன என்று சிவமலர் கதிரையை நிழலுக்குத் திருப்பிவிட்டாள், நிழலில் நான் தூங்கிப்போனேன், தூக்கத்தில் தண்ணீர் கழுத்துவரை நிற்கிறது, நான் ஒவ்வொரு பொருளையும் அதனதன் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன், கதிரை, வேலி, முருங்கை, சிவமலர், ஒரு பெயரும் பிழையாக வரவில்லை, விழித்தபோது வாயோரம் நனைந்திருந்தது, அவள் துடைத்துக்கொண்டிருந்தாள்.

சரி அக்கா, முடிஞ்சுது, இனி விரிப்பைப் போடுவம் என்கிறான் கேதீஸ். முடியவில்லை. பில்டர் வேலியோரம் நிற்கிறது, என் நெஞ்சளவு உயரம், உள்ளே தண்ணீர் நிறைய, அடிமூடியை ஒருவரும் கழற்றவில்லை, வீடியோக்காரனிடம் வேறுவகைப் பில்டராக இருந்திருக்கும். மூடியைக் கழற்று என்கிறேன், பால் என்று கேட்கிறது. இடது கையை நீட்டிப் பில்டரைக் காட்டுகிறேன், ஓமோம் அத்தான், அதையும் நிப்பாட்டிட்டன் என்கிறான். இல்லை என்று தலையை ஆட்டி, கையைத் தூக்கித் திருகிக் காட்டுகிறேன், இப்படி, இடப்பக்கம், கழற்று, கழற்று, அவன் என் கையையே பார்க்கிறான், முகம் தெளிகிறது, ஆ, விளங்கீட்டுது என்று ஓடிப்போய்ப் பில்டரின் அடியில் குந்துகிறான், ஆறு மாதத்தில் முதல்தடவையாக ஒருவனுக்கு நான் சொன்னது விளங்கியிருக்கிறது, என் கண் நிறைந்துவிட்டது, அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியை வலப்பக்கம் திருகுகிறான், எழுந்து கையைத் துடைக்கிறான், கொஞ்சம் இளகித்தான் இருந்தது, நல்லா இறுக்கிட்டன் அத்தான், நல்லகாலம் நீங்கள் கண்டது.

நான் கத்தினேன், எப்படிக் கத்தினேன் என்று தெரியாது, பால், பால், சிவமலர் ஓடிப்போய்ச் சூடாக்கிக் கொண்டுவந்தாள், கோப்பையை என் உதட்டில் வைக்கிறாள், இடது கையால் தட்டிவிட்டேன், பால் கம்பளியிலும் அவள் கைச்சட்டையிலும் ஊற்றுண்டது, அவள் துடைக்கவில்லை, அப்படியே நின்றாள், எனக்கு விளங்கேல்லையப்பா, நான் என்ன செய்ய, கேட்டதைத்தானே தந்தனான் என்கிறாள். எழும்பி நானே போய்விடுவோம் என்று கதிரையின் பிடியை ஊன்றினேன், பத்து அடி இருக்காது, கேதீஸ் பின்னால் வந்து இரண்டு தோளையும் பிடித்து மெதுவாக இருத்தினான், விழுந்திடுவியள் அத்தான், களைச்சுப்போனார் அக்கா, உள்ளுக்குக் கொண்டுபோவம். உள்ளே கொண்டுபோனார்கள். யன்னலால் பார்த்தேன், இருவரும் இரண்டு முனையில் பிடித்து விரிப்பை இழுத்தார்கள், பச்சை விரிப்பு, குளம் மூடுபட்டது, சுற்றிவரத் தண்ணீர்ப் பைகளைப் பாரத்துக்கு வைத்தார்கள், சிவமலர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்று பார்த்தாள், அவளுக்குச் சந்தோசம், நான் இல்லாமலே செய்துவிட்டாள்.

அதன்பிறகு எனக்கு வேறு வேலை இல்லை, பில்டரைப் பார்ப்பதுதான். நவம்பரில் முதல் பனி தூறிக் கரைந்தது, ஒன்றும் நடக்கவில்லை, ஒருவேளை என் கணக்குப் பிழையோ என்று நினைத்தேன், பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன், நல்லூரானையும் இழுத்தேன், டிசம்பர் முதற்கிழமை மைனஸ் பதினெட்டு என்று தொலைக்காட்சியில் சொன்னார்கள், இரண்டாம் நாள் காலையில் பார்த்தால் பில்டரின் உச்சியிலிருந்து அடிவரை கோணலாக ஒரு கோடு, அதற்குள்ளால் வெள்ளையாகப் பனிக்கட்டி துருத்திக்கொண்டு நிற்கிறது. சிவமலர் பக்கத்தில்தான் இருந்து எனக்குக் கஞ்சி தீத்திக்கொண்டிருந்தாள், நான் வாயை மூடிக்கொண்டேன், போதுமோ என்று கேட்டாள்.

நாலு நாள் கழித்துக் கொஞ்சம் வெயில், குப்பை வைக்கப் போனவள் வேலியடியில் நிற்கிறாள், யன்னலால் அவளுடைய முதுகு மட்டும் தெரிகிறது, பில்டரின் வெடிப்பைத் தொட்டுப் பார்க்கிறாள், குனிந்து அடிமூடியைப் பார்க்கிறாள், அவளுடைய கை தானாக எழும்பிக் காற்றில் ஒருமுறை திருகுகிறது, இடப்பக்கம். சப்பாத்தைக் கழற்றாமல் உள்ளே வந்தாள், குசினிக் கதிரையை இழுத்து என் முகத்துக்கு நேரே போட்டு இருந்தாள், இதைத்தானே அண்டைக்குச் சொன்னனீங்கள் என்றாள், நான் தலையை ஆட்டினேன், அதற்கு வாய் தேவையில்லை. போகட்டும், ஒரு பில்டர்தானே என்று சொல்ல நினைத்தேன், அவளுடைய முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன், அவள் பில்டரைப் பற்றி நினைக்கவில்லை. வேற என்னெல்லாம் சொன்னனீங்களப்பா, அவள் கேட்கிறாள், மெதுவாக, ஏப்ரிலிலை இருந்து, எனக்கு விளங்காமல் போனது, என்னெல்லாம் சொன்னனீங்கள், அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவளுடைய சப்பாத்துப் பனி உருகித் தரையில் ஓடுகிறது, எதிலிருந்து தொடங்குவது என்று எனக்குத் தெரியவில்லை.