பொத்தான் போடும் காட்சி

அக்கா பார்க்கும் தொடரில் ஒன்றுமே நடக்காது. ஒருத்தன் கதவைத் திறந்து, உள்ளே வந்து, செருப்பைக் கழற்றுவதற்குள் நமக்குக் கொட்டாவி வந்துவிடும். அக்கா மட்டும் கண்ணை எடுக்கமாட்டாள். வாரம் முழுக்க ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் ஈரப் போர்வை தூக்குகிறவள். விடுமுறை மத்தியானத்தில் அவளுக்கு வேண்டியது அது ஒன்றுதான்.

"இதுக்கு சுவத்தப் பாத்துட்டு உக்காரலாம்," என்றார் மாமா, அவள் புருஷன்.

"சுவரு நடிக்காதுல்ல."

"இவன் மட்டும் என்னத்த நடிச்சுக் கிழிக்கறான்?"

"மூஞ்சியில ஒண்ணும் காட்டமாட்டாரு. முதுகுல காட்டுவாரு. பேசாம பாருங்க."

நானும் மாமாவும் வேலையில் ஜோடி. வீடு மாறுகிறவர்களின் பீரோ, ஃப்ரிட்ஜ் எல்லாவற்றையும் மாடிக்கு ஏற்றுவோம். அவர் மேல் படியில் பின்பக்கமாக ஏறுவார். நான் கீழே முட்டுக்கொடுப்பேன். நடுவில் பீரோ மறைப்பதால் அவர் கை எனக்குத் தெரியாது. "வா" என்று குரல் வந்தால் ஒரு படி ஏறுவேன். மேலே பிடி நழுவினால் மொத்தமும் என் மேல்தான். நாளைக்கு ஓர் இரும்புப் பெட்டகம் ஏற்ற வேண்டும், மூன்றாவது மாடிக்கு.

திரையில், லேத் பட்டறையில் வேலை செய்கிற ஒருவன் கிளம்பிக்கொண்டிருந்தான். சட்டைப் பொத்தானைப் போடப் பார்த்தான். விரல் வளையவில்லை. மறுபடி முயன்றான். கேமரா நகரவில்லை, இசை இல்லை, அவன் மூச்சு மட்டும் கேட்டது. பெண்டாட்டி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்ததும், "என்னா புழுக்கம்" என்று சட்டையைக் கழற்றி எறிந்துவிட்டு ஒரு டீ ஷர்ட்டைத் தலைவழியாக மாட்டினான். அவ்வளவுதான் காட்சி.

"பாத்தியாடா?" அக்கா என் முழங்காலில் தட்டினாள். "போன வாரம் டப்பா மூடியத் தெறக்க மகள்கிட்ட நீட்டுனாரு. செல்லம் கொஞ்சறாருன்னு நெனச்சேன். கை போயிடுச்சுடா அந்தாளுக்கு. ஒரு வார்த்த பேசாம எப்படிச் சொல்லிட்டாங்க பாரு. எவன் எழுதுனானோ, நல்லா இருக்கணும்."



மாமா இப்போதெல்லாம் சட்டையே போடுவதில்லை, டீ ஷர்ட்தான். கயிற்றில் முடிச்சுப் போட என்னிடம் தள்ளிவிடுகிறார், "எப்பதான் கத்துக்கப் போற, சோம்பேறி" என்று திட்டிக்கொண்டே. நானும் சிரித்துக்கொண்டே போட்டிருக்கிறேன். டீ டம்ளரை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துத்தான் தூக்குகிறார்.

திரும்பினேன். அவர் டிவியைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, கையக் குடுங்க."

"எதுக்கு?"

"குடுங்களேன்."

இடது கையை நீட்டினார்.

"அது இல்ல."

அக்கா தொடரிலிருந்து கண்ணை எடுத்தாள்.

வலது கையை என் கையில் வைத்தார். இறுக்கிப் பிடிக்கச் சொன்னேன். பிடித்தார். கழுத்து நரம்பு புடைக்கிற அளவுக்கு முக்கினார். என் விரலில் ஏதோ ஈரத்துணி கிடப்பதுபோல இருந்தது.

"எப்பலேருந்து?" என்றாள் அக்கா.

"மழைக்கு முன்னாடி. கயித்த முழங்கையில சுத்திக்கறேன். ஓட்டிடலாம்."

"கீழ நான் நிக்கறேன், மாமா."

"தெரியும் மச்சான். ஒவ்வொரு படிக்கும் தெரியும். வேலைய விட்டு எறங்கிட்டா அடுப்பு எரியாதுன்னும் தெரியும்."

தெரியாமல் செய்திருந்தால் சண்டை போட்டிருப்பேன். தெரிந்தே "வா" என்றிருக்கிறார்.

"அங்க எவனுக்கோ வெரலு வளையலன்னா கண்டுபுடிக்கறேன்," என்றாள் அக்கா. "பக்கத்துல படுக்கற மனுஷன..."

எங்களுக்கு வேலை கொடுக்கும் மேஸ்திரிக்குப் போன் போட்டேன். நாளைக்கு என்னோடு வேறு ஆளை அனுப்பச் சொன்னேன்.

"ஏண்டா, உங்க மாமனுக்கு என்ன கேடு?"

மாமா என் வாயையே பார்த்தார். காய்ச்சல் என்று சொல்லிவிடலாம். ஒரு நாள் தள்ளும். மறுநாள் மறுபடி மேல் படியில் வந்து நிற்பார்.

நான் திணறுவதைப் பார்த்து அக்கா போனைப் பிடுங்கினாள்.

"அவருக்குக் கை போயிடுச்சு மேஸ்திரி," என்றாள். "இனிமே தூக்கமாட்டாரு."