பதினோராம் நாள் படையல்

எங்கள் வயல்மூலைக் கோயிலை இடித்துத்தான் எங்கள் தீவுக்கு வந்த ஜகார்த்தாக்காரர் ஹெந்தார்த்தோ தன் விடுதிக்கு நீச்சல்குளம் வெட்டினார். கொஞ்சமும் கூச்சமில்லாமல், விடுமுறைக்கு வந்த டச்சுக்காரி லோட்டேவுக்குப் பூப்படையல் செய்யச் சொல்லித்தர என்னையே கூப்பிட்டார். பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

தென்னங்குருத்தில் தட்டு மடித்துப் பூ அடுக்குவதை அவள் முதல் நாளே பிடித்துக்கொண்டாள். அது உயரத்தில் வைப்பது, சாமிக்கு. அடுத்து, ஹெந்தார்த்தோவின் அறை வாசலில் தரையில் சோறும் இஞ்சியும் வைத்துச் சாராயம் தெளிக்கச் சொன்னேன்.

"இது யாருக்கு அக்கா?"

"பூதங்களுக்கும்மா. ஒரு தடவை சோறு காட்டிட்டா தினமும் வந்து நிக்கும். ஒரு நாள் வைக்கலேன்னா அந்த வீட்டை உண்டு இல்லைன்னு ஆக்கிடும்."

"ஐயோ, நான் பத்து நாள்ல போயிடுவேனே!"

"நீ தாராளமா போ. அதுங்களுக்கு வீடுதான் கணக்கு."

பத்து நாளும் பக்தியோடு வைத்துவிட்டு லோட்டே ஊருக்குக் கிளம்பினாள். கார் வாசலைத் தாண்டியதும் ஹெந்தார்த்தோ என்னைப் பார்த்தார்.

"போதும்க்கா. நாளையிலேர்ந்து இந்தக் குப்பையெல்லாம் இங்க வேணாம். நீங்களும் வர வேணாம்."

"சரிங்க, நான் வரமாட்டேன்," என்றேன்.

நாளை பசியோடு வந்து நிற்கப்போகிறவர்களைப் பற்றி நான் மூச்சு விடவில்லை.